ஊசி இறங்குவதற்கு முன்னால்

(கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நமது செயலாளர் என்னிடம் வந்து, "மாமா, இந்த மாசம் நீங்க பேசணும்" என்றபோது, வழக்கம்போல கிரகணத்தைப் பற்றியோ பென்ஷன் விதிகளைப் பற்றியோ கேட்பார் என்று எண்ணினேன். "அந்த டீ-ஷர்ட் விஷயத்தைப் பேசுங்கோ. மகளிர் அணியில் ரெண்டு மூணு பேர் எம்பிராய்டரி மிஷின் வாங்கலாமான்னு யோசிக்கறா. அவாளுக்குப் பிரயோஜனமா இருக்கும்" என்றார். இங்கே இருக்கிற பலருக்கு அந்த விஷயம் தெரியும். சிலர் என் எதிரிலேயே சிரித்தும் இருக்கிறீர்கள். இந்த உரை நம் பத்திரிகையில் வரப்போகிறது என்று சொல்கிறார்கள். ஆகையால் வெளியூர் அங்கத்தினர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

சென்ற கோடை வகுப்பில் 5 வயதிலிருந்து 10 வயது வரை 36 குழந்தைகள் சேர்ந்திருந்தார்கள். ஓர் அங்கத்தினர், தமது தாயாரின் நினைவாக, எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே மாதிரி டீ-ஷர்ட் வாங்கித் தர நன்கொடை அளித்தார். மஞ்சள் நிறச் சட்டை. இடது மார்பில் ஒரு குத்துவிளக்கு. அச்சடித்தால் பத்துத் தடவை துவைத்தால் வெடித்துவிடும், மிஷின் எம்பிராய்டரியாக இருக்கட்டும் என்பது அவர் ஆசை. கொட்டேஷன் வாங்கி வேலையை முடிக்கிற பொறுப்பு என்னிடம் வந்தது. சர்க்கார் உத்தியோகத்தில் 38 வருஷம் இருந்தவனுக்கு இதெல்லாம் அத்துப்படி என்று எல்லோரும் நினைத்தார்கள். அடியேனும் அப்படித்தான் நினைத்தேன்.

மூன்று கொட்டேஷன் வந்தது. மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் பட்டறை வைத்திருக்கும் ஒரு தமிழரின் விலைதான் குறைவு. வாட்ஸப்பில் எஸ்டிமேட் அனுப்பினார். அதில் ஐந்து வரி. முதலாவது, தையலுக்கு ஆயிரம் ஸ்டிச்சுக்கு இவ்வளவு என்று. இரண்டாவது, பஞ்சிங். மூன்றாவது, பேப்பர். நான்காவது, உள்பக்கம் ஃப்யூசிங். ஐந்தாவது, 'நனைத்து உலர்த்த'. கடைசி மூன்றும் சேர்ந்து ஒரு சட்டைக்கு 30 ரூபாய். 36 சட்டைக்கு 1,080 ரூபாய். நான் அதைக் காகிதத்தில் பிரிண்ட் எடுத்து, அந்த மூன்று வரிகளையும் சிவப்பு மையால் அடித்து, போட்டோ எடுத்துத் திருப்பி அனுப்பினேன். புதுச் சட்டையை எதற்கு நனைக்க வேண்டும்? பேப்பர் எதற்கு? இதெல்லாம் பில்லை ஏற்றுகிற வழி என்பது என் தீர்மானம்.

அவர் போன் செய்தார். "சார், இது பனியன் துணி. பேப்பர் இல்லாம நிக்காது. சின்னப் புள்ளைங்க போடுறது, உள்ள ஒரு மெத்துத் துணி ஒட்டணும். கோவிச்சுக்கிடாதீங்க, சொல்ல வேண்டியது என் கடமை" என்றார். "அதெல்லாம் வேண்டாம், ரெண்டு நாளில் கொடுங்கள், போதும்" என்றேன். "சரி சார், கிழிக்கிற பேப்பர் மெல்லிசா ஒண்ணு என் கணக்குல வச்சுக்கிடுதேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

சட்டைகள் வந்த அன்று பார்க்க லட்சணமாகத்தான் இருந்தன. நன்கொடையாளரின் கையாலேயே கொடுத்தோம். நாலாம் நாள் முதல் டெலிபோன். பிறகு வரிசையாக. துவைத்ததும் விளக்கைச் சுற்றித் துணி சுருங்கி, விளக்கே வளைந்துபோய்விட்டது. என் சொந்தப் பேரனும் அந்த வகுப்பில் இருந்தான். அவன் சட்டையைக் காயப்போட்டிருந்த கொடியைப் பார்த்து என் மனைவி, "ஏன்னா, இது என்ன எம்பிராய்டரியா, பொரிச்ச அப்பளமா?" என்றாள். எங்கள் பூர்வீகம் கல்லிடைக்குறிச்சி. அப்பளத்தைப் பற்றி அவள் சொன்னால் தப்பாக இருக்காது.

வளைந்த விளக்கைக்கூடச் சகித்துக்கொள்ளலாம். பேரன் சட்டையைக் கழற்றி வீசிவிட்டு, "குத்தறது தாத்தா" என்றான். பனியனைத் தூக்கிப் பார்த்தால் விளக்கின் வடிவத்திலேயே மார்பில் சிவந்திருந்தது. உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். முடிச்சும் நூல் முனையுமாக, தேங்காய்த் துருவியைத் தொட்ட மாதிரி இருந்தது. இன்னும் நாலைந்து வீட்டிலும் இதே புகார். ஒரு தாயார் என்னிடம் நேரிலேயே, "மாமா, பாட்டி ஞாபகார்த்தமா குடுத்தது, போடாம இருக்கவும் மனசு வரலை, போட்டாக் குழந்தை அழறது" என்றார். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் காலை லேபர் கேம்ப்புக்குப் புறப்பட்டேன். சண்டை போடுகிற எண்ணம்தான், மறைப்பானேன்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். 1973-ல் உத்தியோகத்தில் சேர்ந்ததிலிருந்து மாட்டுங்கா கிழக்கில்தான் இருக்கிறேன். ஆஸ்திக சமாஜம், கொச்சு குருவாயூர், பூக்கடை, காய்கறி மார்க்கெட், 1932-ல் ஏற்பட்ட தென்னிந்தியக் கல்விச் சங்கத்தின் பள்ளிக்கூடம் எல்லாம் ரயில் பாதைக்கு இந்தப் பக்கம். லேபர் கேம்ப் அந்தப் பக்கம், தாராவியை ஒட்டி. இரண்டு இடத்துக்கும் பெயர் மாட்டுங்காதான். இரண்டு இடத்திலும் பேசுவது தமிழ்தான். ஐம்பது வருஷத்தில் நான் ஒரு தடவைகூட அங்கே போனதில்லை. போகக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. போக வேண்டிய காரியம் இருந்ததாகவும் தோன்றவில்லை. அவ்வளவுதான்.

ஒருவர் நடக்கலாம் என்கிற அகலத்தில் ஒரு சந்து. பட்டறை தரைத் தளத்தில். 12 தலை மிஷின் ஒன்று அறையை முழுக்க அடைத்துக்கொண்டு நின்றது. பன்னிரண்டு தலையும் ஒரே சமயத்தில் ஒரே பூவைத் தைக்கின்றன. கதவின் மேல் பெயிண்டில் ஒரு எண். தாராவியைப் புதுப்பிக்கும் டெண்டரை 2022 நவம்பரில் அதானி குழுமம் வென்றதும், 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியதும் பேப்பரில் படித்திருப்பீர்கள். அந்தக் கணக்கெடுப்பின் எண் அது. "வீடு தருவாங்க சார், ஆனா இந்த மிஷினை எந்த மாடிக்கு ஏத்துறது?" என்று பிற்பாடு ஒரு நாள் மாஸ்டர் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

நான் சட்டையை மேஜைமேல் போட்டதும் அவர் அதை உள்வெளியாகத் திருப்பினார். கிழிக்கிற பேப்பரின் மிச்சம் ஈரத்தில் நைந்து தொங்கியது. பேசாமல் ஓரத்தில் இருந்த ஒரு ஸ்டூலைத் துடைத்து எனக்குப் போட்டார். "டீ சாப்பிடுவீங்களா சார்?" என்றார். கேட்டபோது குரலில் ஒரு தயக்கம் இருந்தது. என் தகப்பனார் காலமாயிருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது. அதற்கான காரணத்தை இந்தச் சபையில் விளக்க வேண்டியதில்லை. "சாப்பிடுகிறேன்" என்றேன். அவர் தகப்பனாருக்கு அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் என்று பேச்சில் தெரிந்தது. எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம். இருவர் வீட்டுக்கும் ஒரே தாமிரபரணித் தண்ணீர்.

டீ வருவதற்குள் அவர் எனக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார். நான் பி.எஸ்ஸி. பௌதிகம். அவர் ஒன்பதாவது வரை படித்தவர். அன்று நான்தான் மாணவன். அவர் சொன்னதையும், வீட்டுக்கு வந்து நான் சோதித்துப் பார்த்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் துணி. வேஷ்டியும் புடவையும் நெய்த துணி. பாவு ஒரு பக்கம், ஊடை குறுக்கே. இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். டீ-ஷர்ட் நெய்ததல்ல, பின்னியது. திருப்பூரில் ஆயிரக்கணக்கான ஊசிகள் வட்டமாக நிற்கும் மிஷினில், நூல் வளையம் வளையமாக ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்டு போகும். நம் வீட்டு வாசலில் போடும் சிக்குக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே இழை வளைந்து வளைந்து போகிறதல்லவா, அதுபோல. அதனால்தான் பனியன் இழுத்தால் நீளுகிறது, விட்டால் திரும்புகிறது. நீளவாட்டை விடக் குறுக்குவாட்டில் அதிகம் நீளும். குழந்தை தலையை நுழைத்துப் போட்டுக்கொள்ள இந்தக் குணம் அவசியம். எம்பிராய்டரிக்கோ இதே குணம்தான் சத்ரு. எம்பிராய்டரி நூல் நீளாது. நீளாத ஒன்றை நீளுகிற ஒன்றின் மேல் ஏழாயிரம் இடத்தில் கட்டிப்போடுகிறோம். எங்கள் விளக்குக்கு 7,200 ஸ்டிச்.

அடுத்தது சுருக்கம். பருத்தி நூல் தண்ணீரைக் குடித்து உப்பும். பின்னும்போதும் சாயம் போட்டு உலர்த்தும்போதும் துணியை இழுத்து வைத்திருப்பார்கள். முதல் துவைப்பில்தான் அந்த இழுப்பு விட்டு, வளையங்கள் தங்கள் சௌகரியமான இடத்துக்குப் போய் உட்காரும். இதை நம்பாமல், வீட்டுக்கு வந்து, மீதியிருந்த ஒரு புதுச் சட்டையில் 20 செ.மீ. சதுரம் ஒன்று வரைந்து, துவைத்து, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்டு அளந்தேன். நீளவாட்டில் 18.9, குறுக்கே 19.4. அதாவது நீளத்தில் ஐந்தரை சதவீதம் போயிற்று. எங்கள் விளக்கின் உயரம் 6 செ.மீ. அதன் அடியில் இருந்த துணி 3.3 மில்லிமீட்டர் குறைய வேண்டும். பாலியெஸ்டர் நூலோ துவைத்தால் குறையாது. அப்படியானால் உபரியாக நிற்கும் அந்த மூன்று மில்லிமீட்டர் தையல் எங்கே போகும்? மேலே எழும்பும், வளையும். அப்பளம்!

நான் அடித்த 'நனைத்து உலர்த்த' என்கிற வரியின் அர்த்தம் இவ்வளவுதான். குழந்தையின் மேல் போய்ச் சுருங்குவதற்கு முன்னால், தையல் இல்லாதபோதே சுருங்கி முடிந்துவிடட்டும். அந்த வீட்டில் எப்படித் துவைப்பார்களோ அதே மாதிரி துவைக்க வேண்டும் என்றார். வெந்நீரில் துவைக்கிறவர்கள் வெந்நீரில். துணி மென்மையாக இருக்க ஊற்றுகிறார்களே, அந்தத் திரவம் வேண்டாம். வழுவழுப்பு ஏறினால் பேப்பர் சரியாக ஒட்டாது. கருஞ்சிவப்பு, கருநீலம் மாதிரி நிறமாக இருந்தால், ஈர வெள்ளைத் துணியால் உள்பக்கம் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி பேப்பர். பெயர்தான் பேப்பர். உண்மையில் அது நெய்யாமல் இழைகளை அழுத்திச் செய்த துணி. இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, தைத்தபின் கையால் கிழித்துவிடுவது. இன்னொன்று, கத்தரியால் சுற்றிலும் வெட்டி, தையலுக்கு அடியில் சட்டையோடு நிரந்தரமாக விட்டுவிடுவது. சட்டைத் துணிக்கு, துண்டுக்கு, கான்வாஸ் பைக்கு முதலாவது போதும், ஏனென்றால் நெய்த துணி தானே நிற்கும். பனியன் துணிக்கு இரண்டாவதுதான். கிழிக்கிற பேப்பரை ஊசி ஏழாயிரம் தடவை குத்தினால், தபால் தலையின் ஓரம் மாதிரி அதுவே துளைத் துளையாகிப் பிரிந்துவிடும். தையல் முடிவதற்கு முன்பே பிடிமானம் போய்விட்டது. துவைத்தபின் கேட்கவே வேண்டாம். மாஸ்டர் அதற்கு ஓர் உவமை சொன்னார். "அஸ்திவாரம் சார் அது. வீடு கட்டி முடிச்சாச்சுன்னு யாராவது அஸ்திவாரத்தை உருவுவாங்களா?" என்னிடம் பதில் இல்லை. நான் உருவியிருக்கிறேன்.

பேப்பரை ஃபிரேமைவிட எல்லாப் பக்கமும் ஓர் அங்குலம் பெரிதாக வெட்ட வேண்டும். மிச்சம் பிடிக்கிறேன் என்று சின்னத் துண்டாக வெட்டினால் ஓரத்தில் பிடிக்காமல் நழுவும்.

பஞ்சிங் என்ற வார்த்தைக்கு வருகிறேன். படத்தை மிஷினுக்குப் புரிகிற தையல் கணக்காக மாற்றுவதற்குத் தொழிலில் இன்றும் பஞ்சிங் என்றுதான் பெயர். செய்கிறவர் பஞ்சிங் மாஸ்டர். இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில்தான், துளை எதுவும் கிடையாது. ஒரு காலத்தில் அட்டையிலும் காகித நாடாவிலும் துளை போட்டு மிஷினுக்குச் சொன்னார்கள், அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. நான் சர்க்காரில் சேர்ந்த புதிதில் எங்கள் ஆபீஸிலும் 80 பத்தி கொண்ட அட்டையில் துளை போட்டுத்தான் புள்ளிவிவரம் கணக்கிட்டோம். மாஸ்டரிடம் இதைச் சொன்னதும், "அப்ப நீங்களும் பஞ்சிங் மாஸ்டர்தானா சார்?" என்று சிரித்தார். எம்பிராய்டரி மிஷின் அதைவிடப் பழசு. ஸ்விட்சர்லாந்தில் ஐசக் கிரோப்லி என்பவர் 1863-ல் கண்டுபிடித்த மிஷினில், அடி நூலைக் கொண்டுபோகும் ஓடம் சின்னப் படகு போல இருந்ததால் அதற்கு 'ஷிஃப்லி', அதாவது குட்டிப் படகு, என்றே பெயர் வந்தது. இன்றைய பல தலை மிஷின்களில் பேர் வாங்கியவை ஜப்பானிய தஜிமாவும் பருதானும்.

பஞ்சிங்கிலும் பனியன் துணிக்கென்று தனிக் கணக்கு உண்டு. நிரப்புத் தையலில் வரிக்கு வரி 0.4 மி.மீ. இடைவெளி என்பது வழக்கம். பனியனுக்கு அதைக் கொஞ்சம் தளர்த்துவார்கள். மேல் தையலுக்கு முன்னால் அடித்தையல் ஒன்று ஓடவிட்டு, துணியைப் பேப்பரோடு கட்டிப்போடுவார்கள். ஒவ்வொரு தையலும் துணியைத் தன் பக்கம் கொஞ்சம் இழுக்குமாதலால், வட்டம் வட்டமாக வர வேண்டுமென்றால் படத்தில் அதைச் சற்று அகலமாக வரைய வேண்டுமாம். வளைந்து தெரிய வேண்டியது நேராக வரவும், நேராக வர வேண்டியது வளைத்து வரையவும்... என் மாணவப் பருவத்தில் லென்ஸ் பாடம் படித்த ஞாபகம் வந்தது. மிஷின் வாங்க நினைக்கும் சகோதரிகள், கிடைக்கிற டிசைனை எல்லாத் துணிக்கும் போடலாம் என்று நம்ப வேண்டாம்.

ஊசியும் வேறு. சாதாரண ஊசியின் முனை கூர்மையானது. வளையத்தின் நடுவில் குத்தினால் இழையை அறுத்துவிடும். ஓர் இழை அறுந்தால் பனியனில் ஏணி மாதிரி கீழ்வரை ஓடும். லோக்கல் ரயிலில் ஸ்வெட்டர் பின்னிய மாமிகளுக்கு, ஒரு கண்ணி நழுவினால் என்ன ஆகும் என்று தெரியும். அதனால் முனை சற்று உருண்டையாக இருக்கும் பால் பாயிண்ட் ஊசி. அது இழையை ஒதுக்கிவிட்டு நடுவே இறங்கும். நம்பர் 11, அதாவது 0.75 மி.மீ. குறுக்களவு. பழைய பனியன் ஒன்றில் முதலில் தைத்துப் பார்க்காமல் புதுச் சட்டையில் ஊசியை இறக்கக் கூடாது என்பது அவருடைய கண்டிப்பு.

சரி, கெட்டுப்போன 36 சட்டைகளை என்ன செய்வது? பிரிக்க முடியாது. பிரித்தால் ஏழாயிரம் துளை மிஞ்சும். புதுச் சட்டை என் பென்ஷனிலிருந்து வாங்கினேன். நன்கொடையாளரிடம் விவரத்தைச் சொன்னேன். அவர் பணம் தர முன்வந்தார், நான் வாங்கவில்லை. சேமித்தது 1,080. செலவு எவ்வளவு என்று இங்கே என் மனைவி உட்கார்ந்திருக்கிறாள், அவளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தத் தடவை தயார் செய்கிற வேலையை எங்கள் வீட்டிலேயே செய்வது என்று ஏற்பாடு. மாஸ்டர் தமது பையனை ஒரு நாள் அனுப்பினார். பையன் என் மனைவியை 'அம்மா' என்று கூப்பிட்டு, அரை மணியில் அடுக்களை வரை உரிமையாகிவிட்டான். 36 சட்டையையும் துவைத்தோம். மும்பை ஃப்ளாட்டில் 36 சட்டை எங்கே காயும்? பால்கனி, ஹால், பூஜை அறை வாசல் எல்லாம் மஞ்சள். மேல் மாடிக்காரர், வீட்டில் ஏதாவது விசேஷமா என்று விசாரித்தார். காய்ந்ததும் இஸ்திரி, தேய்த்து இழுக்காமல், வைத்து எடுத்து வைத்து எடுத்து.

அடுத்தது அடையாளம். இதில் என் மனைவிதான் கெட்டிக்காரி. 5 வயதுச் சட்டையும் 10 வயதுச் சட்டையும் அளவில் வேறு. கழுத்திலிருந்து இத்தனை செ.மீ. என்று ஒரே கணக்கு வைத்தால் சின்னச் சட்டையில் விளக்கு வயிற்றுக்கு வந்துவிடும். பையன் சொன்ன முறை இது: கழுத்தும் தோளும் சேருகிற தையலிலிருந்து நேர் கீழே ஒரு கோடு, கைக்குழியின் அடிமட்டத்துக்குச் சற்று மேலே குறுக்கே ஒரு கோடு, இரண்டும் வெட்டுகிற இடம் விளக்கின் நடு. முதல் கோடு கோணாமல் இருக்க, சட்டையை நட்டநடுவில் மடித்து இஸ்திரியால் ஒரு மடிப்பு போட்டு, அதற்கு இணையாக வரைய வேண்டும். என் மனைவி ஒரு கல்யாணப் பத்திரிகையின் கெட்டி அட்டையை வெட்டி, ஒவ்வொரு வயதுக்கும் ஒரு அளவுச்சட்டம் செய்துவிட்டாள். பேரனுக்குச் சட்டையைப் போட்டு நிற்க வைத்தும் பார்த்தாள். தரையில் விரித்த சட்டையில் சரியாகத் தெரிந்தது, குழந்தை உடம்பில் அக்குள் பக்கம் நகர்ந்துவிட்டிருந்தது. அரை அங்குலம் உள்ளே தள்ளினோம். தையற்கார சாக்கட்டியால்தான் குறித்தோம். தண்ணீரில் அழிகிற பேனாவும் உண்டு. அதன்மேல் தெரியாமல் இஸ்திரி வைத்துவிட்டால் சூட்டில் கறை நிலைத்துவிடும், ஜாக்கிரதை. பால் பாயிண்ட் பேனாவை எடுத்தவன் நான். பையன் மரியாதையாக என் கையிலிருந்து அதை வாங்கிப் பாக்கெட்டிலேயே திருப்பிச் செருகிவிட்டான்.

ஃபிரேம் மாட்டும்போது லேபர் கேம்ப்புக்கு நானும் போனேன். எல்லாவற்றையும்விட நுட்பமான இடம் இதுதான். மிருதங்கத் தோல் மாதிரி இழுத்துக் கட்ட வேண்டும் என்று நினைப்போம். நெய்த துணிக்கு அது சரி. பனியனை இழுத்து மாட்டித் தைத்தால், ஃபிரேமைக் கழற்றியதும் துணி பழைய இடத்துக்கு ஓடும், தையல் ஓடாது, துவைக்காமலே அப்பளம். ஆகவே பேப்பர்தான் விறைப்பாக இருக்க வேண்டும். சட்டை அதன்மேல் இழுபடாமல், சுருக்கமும் இல்லாமல் படுத்திருக்க வேண்டும். பேப்பரில் ஒட்டும் ஸ்ப்ரே லேசாக அடித்து, சட்டையின் உள்பக்கத்தை அதன்மேல் வைத்து, நடுவிலிருந்து வெளியே உள்ளங்கையால் ஒரு தடவல். அவ்வளவே. பன்னிரண்டு ஃபிரேமையும் மாஸ்டர் மாட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஒரு தடவைகூட அவர் விரல் துணியை இழுக்கவில்லை. நான் ஒன்று மாட்டிப் பார்த்தேன். நன்றாகத்தான் செய்தேன் என்று நினைத்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல், நான் திரும்பிய சமயம் அதைக் கழற்றி மறுபடி மாட்டினார்.

வீட்டு மிஷின் வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பட்டறை மிஷினில் கை போன்ற தண்டு நீட்டிக்கொண்டிருக்கும், சட்டையை அதில் உறை போல மாட்டிவிடலாம். வீட்டு மிஷின் தட்டையானது. சட்டையின் பின்பக்கத்தைச் சுருட்டி ஒதுக்கி, கிளிப் போட்டுக்கொள்ளாவிட்டால், முன்னும் பின்னும் சேர்த்துத் தைத்துவிடும். குழந்தை தலையை நுழைத்தால் வழி இருக்காது.

மேலே கண்ணாடிக் காகிதம் மாதிரி ஒரு மெல்லிய ஏடு வைத்தார்கள். தண்ணீர் பட்டால் கரைந்துபோகும்; பாலிவினைல் ஆல்கஹால் என்னும் ரசாயனப் பொருள். தையல் பனியனின் வளையங்களுக்குள் புதையாமல் மேலே நிற்க அது. விளக்கின் சுடர் மெல்லிசாக இருந்ததால் அதற்கு இது அவசியமாம்.

நிமிஷத்துக்கு 700 தையல் வேகத்தில் ஒரு சுற்று, நூல் மாற்றம் உட்பட, கால் மணிக்குள் முடிந்தது. பன்னிரண்டு விளக்கும் ஒன்றாக ஏறின. மூன்றே சுற்று. அதற்கு முன்னால் நாங்கள் செய்த வேலை மூன்று நாள்.

பிறகு உள்பக்கம். நூல் முனைகளை ஒட்ட வெட்டி, பேப்பரைத் தையலுக்கு வெளியே அரை அங்குலம் விட்டு உருண்டையாகக் கத்தரித்தார்கள். முனை கூராக விட்டால் அது ஒரு குத்து. கத்தரி சட்டையைத் தொடாமல் இருக்க, பேப்பரைத் தூக்கிப் பிடித்து வெட்ட வேண்டும். கடைசியாக, மெத்தென்ற மெல்லிய ஃப்யூசிங் துணியை விளக்கைவிடச் சற்றுப் பெரிய வட்டமாக வெட்டி, இஸ்திரியால் உள்ளே ஒட்டினார்கள். முடிச்சு முழுக்க மறைந்துவிட்டது. கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். குத்தவில்லை.

என் பேரன் அதைப் போட்டுக்கொண்டு பள்ளி விடுமுறை முழுவதும் திரிந்தான். எட்டுத் தடவை துவைத்தபின் அளவுகோல் வைத்து அளந்தேன். விளக்கு 6 செ.மீ. அப்படியே இருந்தது. சட்டைதான் இப்போது அவனுக்குச் சின்னதாகிவிட்டது. அதற்கு நானோ மாஸ்டரோ பொறுப்பல்ல.

பணம் கொடுக்கப் போனபோது மாஸ்டர் புது பில் எழுதி வைத்திருந்தார். அதே ஐந்து வரி. நான் ஒன்றும் பேசாமல் பர்ஸை எடுத்தேன். "பொறுங்க சார்" என்று சொல்லி, என் சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பேனாவைக் கேட்டு வாங்கி, ஐந்தாவது வரியான 'நனைத்து உலர்த்த' என்பதை அவரே அடித்தார். "இது உங்க வீட்டு அம்மா செஞ்சது, அதை நான் எப்படி வாங்க?" என்றார்.